முட்டுக்கட்டைக் காண்ட்ராக்டர்

சுருளிவேல் காண்ட்ராக்டர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் தேவாரம் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். டெலிபோன் கேபிள் பதிப்பதற்காகச் சாலையோரம் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேலையை எடுத்தவர் தன் ஆட்களுக்கு விபத்து பாலிசி கேட்டிருந்தார். பாலிசி எழுதுவதற்கு முன்னால் பள்ளத்தைப் போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். போடியிலிருந்து வந்த ஜீப்பு ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்பக்கமாகவே திரும்பி வந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அக்கா, நம்ம முட்டுக்கட்டைக் காண்ட்ராக்டர் போயிட்டாரு. காலையில டீயக் குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாராம். ஏறுங்க, வெரசாக் கொண்டுபோய் விட்டுர்றேன்."

"இருப்பா" என்றேன். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவித்திருந்தார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டு அதைத் தள்ளிப் போடச் சொன்னேன். தள்ளி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் டிரைவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

குழாய், கேபிள், சாக்கடை என்று மண்ணுக்கடியில் வேலை எடுக்கிற போடிக் காண்ட்ராக்டர்களுக்கும், அவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கும் அவரைத் தெரியும். என்னையும் தெரியும். ஆனால் துக்கத்துக்கு வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், "இந்தம்மா யாரு, அவரு தங்கச்சியா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் கணவர் பாண்டி, சுருளிவேல் எடுத்த வேலையில், மண் சரிந்து இறந்தவர்.

எழுபதுகளின் நடுவில் அது. மலையடிவாரத்திலிருந்து ஊருக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவரும் வேலையில் ஒரு பகுதியைச் சுருளிவேல் எடுத்திருந்தார். சிலமலையில் நிலம் உள்ள குடும்பம். மலையில் சின்னதாக ஓர் ஏலத்தோட்டமும் இருந்தது. பாண்டி அவரிடம் குழாய் மூட்டுகிறவர். இரண்டு இரும்புக் குழாய்கள் சேரும் இடத்தில் சணலைத் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, உளியால் அடித்து இறுக்க வேண்டும். பள்ளத்துக்குள் உட்கார்ந்துதான் அதைச் செய்ய முடியும். ஐப்பசி மாதம். மதியத்துக்கு மேல் மலையில் மேகம் கட்டியது. இன்னும் ஒரே ஒரு மூட்டு மீதி இருந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் ஈயம் ஊற்ற முடியாது. வேலை எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று சொல்ல முடியாது. "பாண்டி, இந்த ஒண்ணையும் முடிச்சிட்டு ஏறிரு, வெரசா" என்று காண்ட்ராக்டர் சொன்னார். பாண்டி இறங்கினார். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். முட்டு இல்லை. பக்க மண்ணைப் பலகை வைத்துத் தாங்கி, குறுக்கே கம்பு கொடுத்து நிறுத்துவதை முட்டு என்பார்கள். அன்று போடிப் பக்கம் யாரும் முட்டுக் கொடுத்துப் பள்ளம் தோண்டியதில்லை. கரை சத்தமே இல்லாமல் இறங்கியதாகச் சொன்னார்கள். மம்பட்டி போட்டால் ஆள்மேல் பட்டுவிடும் என்று காண்ட்ராக்டர் கத்தியதால் எல்லோரும் கையாலேயே அள்ளினார்கள். அள்ளி எடுத்தபோது பாண்டிக்கு உயிர் இல்லை.

நான் அப்போது கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகளை வீட்டில் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, பஜாரில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னதும், மடியில் இருந்த காயை முறத்தில் கொட்டி, பச்சையும் வெளுத்ததும் கலந்துவிடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். காண்ட்ராக்டருடைய சொந்தக்காரர் ஒருவர் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து, எனக்குக் கேட்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் பேசினார்.

"மாப்ளே, நான் சொல்றதக் கேளுங்க. தூக்குச்சட்டி உள்ள கெடந்துச்சு, அத எடுக்க அவனாத்தான் எறங்குனான்னு சொல்லிருங்க. வேலையில செத்தான்னா கேசு, லைசென்சு எல்லாம் போயிரும். அந்தப் பிள்ளைக்கு நாம தனியாப் பாத்துச் செஞ்சுக்கிருவோம்."

 போலீஸ்காரர் வந்து கேட்டபோது, சுருளிவேல் கையெல்லாம் மண்ணோடு நின்றபடி, "நான்தான் எறங்கச் சொன்னேன். என் ஆளு. என் வேலைக்குத்தான் எறங்குனான்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அதுதான் முதல் தடவை.

கேசு நடந்தது. காண்ட்ராக்டர் லைசென்சு போனது. மதுரையில் நஷ்டஈட்டு அதிகாரி முன்னால் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏங்க, தொழிலாளிகளுக்கு இன்சூரன்சு எடுக்கலையா?" என்று கேட்டார். "அப்டி ஒண்ணு இருக்குறது தெரியாதுங்கய்யா." "இருக்கு. நீங்க கேக்கல." அவ்வளவுதான் பேச்சு. மலைத்தோட்டத்தை விற்றுப் பணத்தைக் கட்டினார். ஊருக்குத் திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்சில் ஏறும்படி ஆகிவிட்டது. என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிய பிறகும் அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வந்தார். கண்டக்டர் உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

'நீங்க கேக்கல' என்று அதிகாரி சொன்ன அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். விசாரித்து, மதுரைக்குப் பலமுறை போய்வந்து, பரீட்சை எழுதி இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஆனேன். ஆயுள் பாலிசிக்கு ஆள் பிடிக்க நிறையப் பேர் இருந்தார்கள். நான் மண் தோண்டுகிறவர்களைத் தேடிப் போனேன். ஒருவரும் வாங்கவில்லை. "சாவ முன்னாடியே கொண்டாந்து நிறுத்துறியே ஆத்தா" என்றார் ஒருவர். இன்னொருவர் நேராகவே சொன்னார், பூஜை போட்டு வேலை தொடங்குகிற இடத்துக்குத் தாலியறுத்தவள் வரக்கூடாது என்று. நான் பள்ளத்துக்கு எட்ட நிற்கப் பழகிக்கொண்டேன்.

சுருளிவேல் அதற்குள் வேறு தொழிலில் இறங்கியிருந்தார். மலையிலிருந்து சில்வர் ஓக் மரக் கம்புகளையும் பலகைகளையும் வாங்கி வந்து, பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வாடகைக்கு விட்டார். கேட்டு வந்தவர் யாரும் இல்லை. அவரே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்தவர் பள்ளத்தின் ஓரம் நிறுத்திவிட்டு, "வாடகை பெறகு பாத்துக்கிருவோம், மொதல்ல இத நிறுத்துங்க" என்பார். வேலை கெடுகிறது என்று எரிச்சல்பட்டவர்கள்தான் முட்டுக்கட்டை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

சிலமலைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வேலையில் நாங்கள் எதிர்ப்பட்டோம். அவர் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்த காண்ட்ராக்டர் என்னைப் பார்த்ததும், "காலங்காத்தால இந்த மொகத்துலயா முழிக்கணும்" என்றார், மெதுவாகக்கூட இல்லை. சுருளிவேல் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார்.

"இவுக மொகத்துல முழிச்சா ஆகாதுன்னா, என் மொகத்துல முழிச்சா மட்டும் ஆகுமாய்யா? இவுக புருசன் செத்தது என் குழியில. யாரு மொகம் ஆகாத மொகம்னு நீயே பாத்துச் சொல்லு."

 அந்தக் காண்ட்ராக்டர் அன்று பாலிசி எடுத்தார். முட்டும் எடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து போகத் தொடங்கினோம். சேர்ந்து போகலாம் என்று அவர் கேட்கவில்லை; சரி என்று நான் சொல்லவுமில்லை. வேலை நடக்கும் ஊருக்குப் போகும் பஸ்சில் அவர் முன்னால் ஏறுவார், நான் பின்னால் ஏறுவேன். அவர் என்னைத் தாயி என்பார். அப்போதெல்லாம் நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் லேசாக இருமுவேன். அவர் திரும்புவார். ஊரில் பேச்சு இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டிலும் சிலர், "பாண்டியக் கொன்னவனோட பஸ்சேறுற" என்றார்கள்.  மறுநாளும் பஸ் ஏறினேன்.

அவர் காண்ட்ராக்டர்களிடம் வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தை, மண்வேலை பார்க்கிற உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்: "முட்டு உசுரோட இருக்கிறவனுக்கு, பாலிசி அவன் வீட்டுக்கு. ஒண்ண வாங்கிட்டு ஒண்ண விட்டுறாத." பாலிசி எடுத்துவிட்டோமே, இனி முட்டு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களுக்கு நான் பாலிசி எழுதவில்லை. பாதுகாப்பு செய்யாத இடத்தில் கம்பெனி கையை விரித்துவிடலாம் என்று சொல்வேன். அவர் வேறு மாதிரி சொல்வார்: "அப்ப நீ எறங்கு. ஒம் பேர்ல பாலிசி எழுதச் சொல்றேன்."

எண்பதுகளின் தொடக்கத்தில் பஜாரில் சாக்கடை தோண்டும்போது கடப்பாரை டெலிபோன் கேபிளில் இறங்கிய கதையைப் பழைய வியாபாரிகள் இன்னும் சொல்கிறார்கள். அன்று பார்த்து ஏலக்காய் ஏலம். வடக்கே விலை கேட்டுச் சொல்ல டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தவர்களின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. "டெல்லிக்காரன் லைன்ல நிக்கிறான்யா, நாசமாப் போறவனே!" என்று கத்திக்கொண்டே ஒரு வியாபாரி வேட்டியை மடித்துக் கட்டி ஓடிவந்தார். பின்னால் ஒரு கூட்டம். சாக்கடை எடுத்தவர் சந்துக்குள் நழுவப் பார்த்தார். சுருளிவேல் அவர் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தினார். "ஓடாத. ஓடுனா இந்த ஊருல இனி ஒரு கடப்பாரை போட முடியாது. நான்தான் வெட்டுனேன், கேக்காம வெட்டுனேன்னு சொல்லு." அந்த ஆள் சொன்னார். திட்டு விழுந்தது, அடி விழவில்லை. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான பாலிசி எடுக்கும்படி நான் முன்பே அவரிடம் கேட்டு, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவள். அதை நான் அன்று சொல்லிக்காட்டவில்லை. சுருளிவேல்தான் போகும்போது சொன்னார்: "மண்ணுக்குள்ள என்ன கெடக்குன்னு கேக்காமத் தோண்டுறவன், அடுத்த வீட்டு அடுப்படியில கண்ணக் கட்டிக்கிட்டு நடக்குறவன்." அதற்குப் பின் பஜாரில் தோண்டுகிறவர்கள் முதலில் டெலிபோன் ஆபீசுக்கும் தண்ணீர் ஆபீசுக்கும் போய்க் கேட்பது வழக்கமாயிற்று.

அதற்குச் சில வருடம் கழித்து நடந்ததை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போடிமெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார்கள். சரிவில் குறுக்காகப் போகிற பள்ளம். வேலை எடுத்தவர் தேனிக்காரர், இளவயது. சுருளிவேலிடம் முட்டு வாங்கி நிறுத்தினார், நான் பார்த்தேன், பாலிசி எழுதினேன். கிளம்பிப் போனால் மலையிலிருந்து இறங்குவதற்கு ஜீப்பு இல்லை. எல்லா ஜீப்புகளும் லோடு ஏற்றப் போயிருந்தன. சரி என்று வேலை நடக்கும் இடத்துக்கே திரும்பி நடந்தோம். வளைவு திரும்பியதும் பார்த்தால், எங்கள் கம்புகளும் பலகைகளும் கழற்றி மேலே அடுக்கப்பட்டிருந்தன. ஆட்கள் உள்ளே.

"ஏறுங்கய்யா எல்லாரும்" என்றார் சுருளிவேல். அவர்கள் ஏறிவிட்டார்கள். மண் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. மலைமேல் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது.

தேனிக்காரர் கோபமாக வந்தார். "பெருசு, கம்பு குறுக்க நின்னா குழாய் எறக்க முடியல. வாடகை குடுத்தாச்சுல்ல? ஒங்க சோலியப் பாருங்க."

"என் சோலி இதான்" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளத்துக்குள் இறங்கினார். அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "முட்டு நிக்கட்டும். அப்பத்தான் எந்திரிப்பேன்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மலையாளம் கலந்து பேசுகிற எஸ்டேட் பெண் ஒருத்தி, "சேச்சி, அவரு என்ன இப்டி உக்காந்துட்டாரு?" என்று என்னைக் கேட்டாள். மேலேயிருந்து சின்னச் சின்ன மண்கட்டிகள் அவர் தோளில் விழுந்தன. அவர் தட்டிவிடவில்லை. அவர் தலை எனக்குக் கீழே, வெகு கீழே தெரிந்தது. பாண்டி இறங்கியபோது நான் அங்கே இல்லை. எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும் நான் என்னை விட்டதில்லை. இப்போது என் முன்னால் இருந்தது. என் வாயிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஏறி வாங்க! என்னால நிக்க முடியலண்ணே, ஏறி வாங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, வைத்த கையெல்லாம் வழுக்க, ஏறி வந்தார். சிரித்தவர்களில் ஒருவர்தான் முதலில் போய்க் கம்பை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். தேனிக்காரர் தடுக்கவில்லை. அந்தக் கரை அன்று சரியவில்லை, பின்னாலும் சரியவில்லை. குழாய் போட்டு மூடினார்கள். இன்றும் அதில் தண்ணீர் வருகிறது.

அதன் பிறகு, ஜீப்புக்காகப் போடிமெட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரே பெஞ்சில், அன்றைக்குத்தான். அவர் வேட்டியெல்லாம் சேறு. எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அவரை எறங்கச் சொல்லும்போது, ஒங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுச்சா?"

அவர் கிளாசைக் கீழே வைத்தார். "கரையில விரிசல் விட்டிருந்துச்சு தாயி. பாத்தேன்."

நான் டீயை ஒரு மிடறு குடித்தேன்.

"தலமயிர் கணக்கா ஒரு கோடு. பாத்தேன். மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு மூட்டுத்தானேன்னு நெனச்சேன். போலீசுல அத யாரும் கேக்கல, நானும் சொல்லல. நீ கேட்டா சொல்லிறணும்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

"இப்பக் கேட்டுட்டேன்ல" என்றேன்.

"ஆமா."

டீயைக் குடித்து முடித்தேன். ஜீப்பு வந்தது. கொண்டைஊசி வளைவுகளில் ஆட்களோடு ஆட்களாகச் சாய்ந்து இறங்கினோம். மறுநாள் வேறொரு வேலைக்குப் போவதாக முன்பே பேசியிருந்தோம். காலையில் பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்கிறாரா என்று பார்த்தேன். நின்றார். நான் வருகிறேனா என்று அவரும் பார்த்திருப்பார். பஸ் ஏறினோம். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் அவரை மன்னித்துவிட்டதாக நேற்று ஒருவர் இரங்கல் கூட்டத்தில் பேசினார். நல்ல எண்ணத்தில்தான் பேசினார். ஆனால் அது உண்மையல்ல. மன்னிக்கவில்லை என்பதும் உண்மையல்ல. அந்தப் பக்கம் எனக்கு மரத்துப் போயிருக்கிறது, கிள்ளினால் தெரிவதில்லை.

துக்க வீட்டில் பெண்கள் நடுவில் இடம் விட்டு என்னை உட்கார வைத்தார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. எழுந்துபோகப் பார்த்தேன். அவர் மனைவி அங்கம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இரு. ஒனக்கு அழுகை வரலேன்னா வரல. யாரு என்ன சொல்லப்போறா." பிறகு என் காதோரம் குனிந்து சொன்னார்: "ஒங்கிட்டச் சொல்லிட்டு வந்த அன்னைக்குத்தான் எங்கிட்டயும் சொன்னாரு. அதுவரைக்கும் மனுசனுக்கு என்ன நோவுன்னே தெரியாம சோறு போட்டுக்கிட்டு இருந்தேன்."

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுனை வரை போய், மற்றப் பெண்களோடு திரும்பி வந்தேன். குளித்தேன். மகளுக்குச் சமைத்தேன். மறுநாள் தேவாரம் சாலைப் பாலிசியை எழுதி அனுப்பினேன்.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். சுருளிவேல் எனக்குச் சேரவேண்டிய இரண்டு உண்மைகளைச் சொன்னார். முதலாவது, ஆஸ்பத்திரி வாசலில் போலீசிடம் சொன்னது. அதற்கு அவர் லைசென்சும் தோட்டமும் போயின. என் மகள் அந்த நஷ்டஈட்டுப் பணத்தில் படித்தாள். இரண்டாவது, டீக்கடை பெஞ்சில் சொன்னது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பாண்டி திரும்பி வரவில்லை, எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, அவருக்கும் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. சொல்லாமலே செத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. ஆனாலும் அவர் சொன்னார், நான் கேட்டேன் என்பதற்காக மட்டும். முதலாவதை ஊர் வைத்துக்கொள்ளட்டும். நான் இரண்டாவதை வைத்துக்கொள்கிறேன்.